கதவு இடிக்குதா? இழைப்புளியை அப்புறம் எடுக்கலாம்

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பிடித்துக்கொண்டால் போதும், வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை ஆசாரிகளின் கைபேசி ஓயாது. ‘தலைவாசல் கதவு சாத்த மாட்டேங்குதுண்ணா, வந்து கொஞ்சம் இழைச்சு விட்டுடுங்க.’ அவரும் வருவார், கதவைக் கழற்றுவார், இடிக்கிற ஓரத்தை நாலு இழுப்பு இழைப்பார், மாட்டிச் சாத்திக் காட்டுவார். கூலி கொடுத்து அனுப்பிவிடுவோம். பங்குனி, சித்திரையில் அதே ஓரத்தில் சுண்டுவிரல் நுழைகிற சந்து விழுந்திருக்கும். பூட்டின் நாக்கு எதிர்ப்பக்கத் துளையைச் சரியாக எட்டாது, பல்லி தாராளமாக வந்து போகும். அடுத்த மழைக்கு மறுபடியும் இடிக்கும், இம்முறை வேறு மூலையில். இந்தச் சுற்று ஏன் முடிவதே இல்லை என்பதற்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: தலைவாசல் கதவில் தெரியும் கோளாறுகளில் பெரும்பாலானவை கதவில் பிறந்தவை அல்ல. நிலையில் பிறந்தவை, நிலையைப் பிடித்திருக்கும் சுவரில் பிறந்தவை, மரத்தை அளந்த மாதத்தில் பிறந்தவை. ஆகவே இழைப்புளி கடைசியாகத் தொட வேண்டிய கருவி. நாம் அதைத்தான் முதலில் தொடுகிறோம்.

நம் பக்கத்தில் வீடு எழும் முறையைக் கொஞ்சம் கவனித்தாலே இது விளங்கும். அஸ்திவாரம் போட்டு, தரைமட்டம் வந்ததும், சுவர் எழும்புவதற்கு முன்பே வாசக்கால் வைத்துவிடுகிறோம். நிலையைச் செய்து தருபவர் ஆசாரி. அதை நிறுத்தி, சவுக்குக் கம்பு முட்டுக்கொடுத்து, இருபுறமும் செங்கல்லோ ஹாலோபிளாக்கோ வைத்துக் கட்டுபவர் கொத்தனார். லிண்டல், கூரை, பூச்சு, தரை எல்லாம் முடிந்த பிறகு, பல மாதங்கள் கழித்து, ஆசாரி திரும்ப வந்து கதவை மாட்டுகிறார். நடுவில் நிலைக்கு என்ன ஆனது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. ஆசாரியைக் கேட்டால் ‘நான் குடுத்தப்ப மூலைமட்டமா இருந்துச்சு’ என்பார். கொத்தனாரைக் கேட்டால் ‘நான் தூக்குக்குண்டு பாத்துத்தான் கட்டினேன்’ என்பார். இருவரும் உண்மையே சொல்லியிருக்கலாம். கோளாறு நுழைவது இருவருக்கும் நடுவில் உள்ள அந்த மாதங்களில்தான். ஆனால் கடைசியில் வருபவர் ஆசாரி என்பதால், அவர் கையில் இருக்கும் கருவியைக் கொண்டே எல்லாக் கோளாறையும் தீர்க்கச் சொல்கிறோம்.

நிலை எத்தனை விதமாகத் தவறலாம்? முதல் விதம், சுவரின் நீளவாக்கில் சாய்வது. ஏழடி உயரம், மூன்றரை அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம், ஏறக்குறைய 2100 மி.மீ.க்கு 1050. கீல் பக்கத்துக் கால் மேலிருந்து கீழாக வெறும் 6 மி.மீ. சாய்ந்திருந்தால், அதில் மாட்டிய கதவின் பூட்டுப் பக்க ஓரம் 3 மி.மீ. ஏறிவிடும் அல்லது இறங்கிவிடும். கதவைச் சுற்றி நாம் விடும் சந்தே சுமார் 3 மி.மீ.தான். அதாவது கண்ணுக்கே தெரியாத சாய்வு ஒன்று மொத்தச் சந்தையும் தின்றுவிடுகிறது. இரண்டாம் விதம், நிலை வீட்டுக்குள்ளோ வெளியிலோ சாய்வது. இதில் கதவு எங்கும் இடிக்காது. ஆனால் பாதி திறந்து விட்டால் தானாக முழுக்கத் திறந்துகொள்ளும், அல்லது தானாகச் சாத்திக்கொள்ளும். பலர் இதற்குக் கீலுக்கு எண்ணெய் விடுகிறார்கள்; எண்ணெய் விட்டால் இன்னும் வேகமாகத்தான் ஓடும். மூன்றாம் விதம்தான் மோசமானது. ஒரு கால் உள்நோக்கியும் மறுகால் வெளிநோக்கியும் சாய்ந்து நிலையே முறுக்கிக்கொள்வது. கதவைச் சாத்தினால் பூட்டுப் பக்கத்தில் மேல்மூலை காடியில் போய் உட்காரும், கீழ்மூலை அரை அங்குலம் வெளியே நிற்கும். ‘கதவு வளைந்துவிட்டது’ என்று மரக்கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

மரமா, நிலையா என்று தீர்ப்புச் சொல்ல ஒரு நூல் கயிறு போதும். நிலையின் நான்கு மூலைகளிலும், காடியின் ஒரே முகத்தில், சின்ன ஆணி வையுங்கள். மேல் இடதிலிருந்து கீழ் வலதுக்கு ஒரு நூல், மேல் வலதிலிருந்து கீழ் இடதுக்கு ஒரு நூல், இரண்டையும் விறைப்பாகக் கட்டுங்கள். நிலை ஒரே தளத்தில் இருந்தால் நடுவில் இரண்டு நூலும் ஒன்றையொன்று லேசாகத் தொட்டு நிற்கும். ஒன்று மற்றதை அழுத்தி வளைத்தாலோ, நடுவில் வெளிச்சம் தெரிந்தாலோ நிலை முறுக்கியிருக்கிறது. நூல்கள் இடம் மாறி, பின்னால் இருந்தது முன்னால் வரும்படி ஒருமுறை மாற்றிக் கட்டியும் பாருங்கள். அப்போதுதான் எந்தப் பக்கம் முறுக்கு என்று தெரியும். அதே மூலைகளுக்கு டேப்பையும் போட்டு விடுங்கள். மேலே சொன்ன அளவுக்கு மூலைவிட்டம் 2348 மி.மீ. அருகில் வரும், எண்ணைவிட முக்கியம், இரண்டும் சமமாக இருப்பது. பிறகு கதவைக் கழற்றித் தரையில் கிடத்தி அதன் மேலும் இதே சோதனையைச் செய்தால், கதவு முறுக்கியதா நிலை முறுக்கியதா என்ற வழக்கு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். முறுக்கிய நிலைக்குள் நேரான கதவின் ஓரத்தை எவ்வளவு இழைத்தாலும் பயனில்லை. ஓரம் அங்கே பிரச்சினையே இல்லை.

நாலாவது ஒன்றும் உண்டு, சுவர் தள்ளுவது. நிலையின் இரு கால்களுக்கும் நடுவே தற்காலிகக் குறுக்குக்கட்டை அடிக்காமல் கட்டிக்கொண்டே போனால், கலவையும் கல்லும் காலை உள்ளே அழுத்தும். போதாததற்குக் கட்டிய சுவருக்குத் தினமும் தண்ணீர் காட்டுகிறோம். அந்த ஈரத்தை நிலையின் சுவர் பக்கம் குடிக்கிறது, அறைப் பக்கம் வெயிலில் காய்கிறது, கால் வில்லாக வளைகிறது. இதைக் கண்டுபிடிக்க அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் அளக்க வேண்டும். மேலும் கீழும் 1050, நடுவில் 1044 என்றால் வேறு எதையும் தேட வேண்டாம். ஆனால் கதவுக்கு அளவெடுக்கும்போது பெரும்பாலும் ஒரே இடத்தில், கைக்கு எட்டும் உயரத்தில் அளந்து எழுதிக்கொண்டு போகிறார்கள். அப்புறம் கதவு நடுவில் சரியாகவும் தலையில் சந்தோடும் வருகிறது, அல்லது நேர் எதிராக வருகிறது.

ஏற்கெனவே மாட்டிய கதவு திடீரென்று மக்கர் செய்தால் முதலில் சந்தைப் படிக்க வேண்டும். ஒரு ரூபாய் நாணயம் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஏறக்குறைய 3 மி.மீ. அதைப் பிடித்துக்கொண்டு சாத்திய கதவைச் சுற்றி ஒரு நடை நடத்துங்கள். கீல் பக்கத்தில் மேலே அகன்று கீழே இறுகியும், பூட்டுப் பக்கத்தில் மேலே இறுகியும் இருந்தால், மேல் கீல் வெளியே வந்துகொண்டிருக்கிறது. கதவைப் பாதி திறந்து பூட்டுப் பக்க ஓரத்தை இரு கையாலும் மெல்லத் தூக்கினால் கீலில் ஆட்டம் தெரியும். பெரிய குற்றவாளி அங்கே திருகாணிதான். திருகாணியைச் சுத்தியலால் முக்கால்வாசி அடித்து இறக்கிவிட்டுக் கடைசி இரண்டு சுற்றை மட்டும் திருகுவது நம் ஊரில் பரவலான பழக்கம். மரையைச் சுற்றியுள்ள நார் கிழிந்துபோன துளையில் அந்தத் திருகாணி ஒரு மழைக்காலம் நிற்கும், இரண்டாவதற்கு நிற்காது. பழைய துளையில் பெவிகால் தடவிய தேக்குக் குச்சியை இறுக அடித்து, காய விட்டு, சின்னத் துளை போட்டு, இன்னும் நீளமான திருகாணியை முறையாகத் திருகினால் கதவு பழைய இடத்துக்கே ஏறிக்கொள்ளும். தரையில் தாழ்ப்பாள் இறங்கும் துளையையும் பாருங்கள். அது வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் நீண்டிருந்தால், கதவு எந்தப் பக்கம் நகர்ந்து வந்தது என்பதை அது பல வருடக் கணக்காகப் பதிந்து வைத்திருக்கிறது.

‘எங்க தாத்தா வீட்டுக் கதவுக்கு இதெல்லாம் பாக்கல, நூறு வருஷமா நல்லாத்தானே இருக்கு’ என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கதவை ஒருமுறை உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் அது இரட்டைக் கதவு. கீலில் தொங்காமல், மேலும் கீழும் குடுமி வைத்து, கீழ்க்குடுமி குழியில் ஊன்றி நிற்கும். பாரம் நேரே கீழே இறங்குகிறது. இன்றைய ஒற்றைக் கதவைக் கணக்குப் போட்டால் 45 கிலோ எடை, மூன்றரை அடி அகலம். மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் ஒன்றரை மீட்டர் தூரம் என்றால், மேல் கீலை வெளியே பிடுங்கும் இழுப்பு சுமார் 16 கிலோ, இரவும் பகலும் ஓயாமல். அதே வாசலை இரட்டைக் கதவாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் எடையும் பாதி, அகலமும் பாதி. இழுப்பு நாலில் ஒரு பங்காக, 4 கிலோவாக இறங்கிவிடும். பழைய கதவு தாங்கியதற்குக் காரணம் மரத்தின் வைரம் மட்டும் இல்லை. அதன் அமைப்பு பிழையைப் பொறுத்துக்கொண்டது. நாம் அமைப்பை மாற்றிவிட்டோம், அப்படியானால் பிழையையும் குறைத்தாக வேண்டும்.

இனி மழைக்கு வருவோம். மரம் ஊறுகிறது என்பது உண்மை. ஆனால் எந்தத் திசையில், எவ்வளவு என்பதைக் கணக்கிட்டால் பல பழிகள் விழுந்துவிடும். பச்சைத் தேக்கு முழுக்க உலரும்வரை வளையங்களின் போக்கில் 5 முதல் 6 சதவீதம் சுருங்கும், நடுவிலிருந்து பட்டை நோக்கிய போக்கில் அதில் பாதிகூட இல்லை, நீளவாக்கில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. தோராயமாக, மரத்தின் ஈரம் ஒரு சதவீதம் கூடினால் அகலம் 0.2 சதவீதம் கூடும். கோடைக்கும் ஐப்பசிக்கும் நடுவே மரத்தில் 5 சதவீத ஈரம் மாறுகிறது என்று வையுங்கள். சட்டமும் பேனலுமாகச் செய்த கதவில் இரு நெடுக்குச் சட்டங்கள் சேர்ந்து பத்து அங்குலம், அதாவது 250 மி.மீ.; அவை 2.5 மி.மீ. அகலும். நடுவிலுள்ள பேனல் காடிக்குள் தளர்வாக நிற்பதால் அது ஊறினாலும் வெளியே தெரியாது. அதே கதவைப் பலகைகளை ஒட்டி ஒரே முழுப் பலகைபோலச் செய்திருந்தால் 10 மி.மீ. வரை அகலும். ‘பேனல் வேண்டாம், பிளெயினா கனமா செய்ங்க’ என்று கேட்பவர்கள் இதை அறிந்து கேட்பது நல்லது. இன்னொன்றும் இதிலிருந்து கிடைக்கிறது. நெடுக்குச் சட்டம் நீளவாக்கில் ஊறுவதில்லை, எனவே கதவின் உயரம் மழையில் வளராது. மழைக்காலத்தில் கதவின் தலை மேல்சட்டத்தில் இடித்தாலோ, கீழ்ஓரம் தரையை உரசினாலோ, அதை மழையின் மேல் போடாதீர்கள். அங்கே கீல் இறங்கியிருக்கிறது அல்லது நிலை நகர்ந்திருக்கிறது. பூட்டுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இறுகினால் மட்டுமே அது ஊறல்.

இங்கேதான் நம் மாவட்டங்களின் தட்பவெப்பம் குறுக்கே வருகிறது. வேலூரில் கோடையில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது செய்தியே அல்ல. நாலைந்து மாதத்தில் பாலாற்றுப் பக்கம் முழுக்க மழை நசநசப்பு. ஒரே கதவு இரண்டையும் பார்த்தாக வேண்டும். சித்திரையில் சுக்காகக் காய்ந்த கதவை 3 மி.மீ. சந்து விட்டு மாட்டினால் ஐப்பசியில் அரை மி.மீ.தான் மிஞ்சும், மேலே இரண்டு கோட் வார்னிஷ் அடித்தால் அதுவும் போச்சு. கார்த்திகையில் ஊறிய கதவை அதே 3 விட்டு மாட்டினால் சித்திரையில் அது ஐந்தரை. ஆகவே சந்து என்பது நிரந்தர எண் கிடையாது. மாட்டும் மாதத்தைப் பொறுத்தது. கோடையில் மாட்டினால் 4, 5 விடுங்கள். மழையில் மாட்டினால் 2 போதும். மரத்தின் ஈரத்தையே முதலில் சரிசெய்வது இன்னும் நல்லது. இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 287, காற்றின் ஈரப்பதத்தைக் கொண்டு நாட்டை நான்கு மண்டலமாகப் பிரித்து, எந்த மண்டலத்தில் எந்த வேலைக்கு மரத்தில் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்று வகுத்திருக்கிறது. கதவு, ஜன்னலுக்குப் பத்திலிருந்து பதினாறு சதவீதத்தை ஒட்டிய எண்கள்தான். ஈரம் பார்க்கும் கையடக்க மீட்டரை மரக்கடையில் காட்டச் சொல்லிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் டேனரியில் வேலை பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதே இல்லை: ஈரத்தோலை அளந்து யாரும் ஷூவுக்கு வெட்டுவதில்லை, கட்டி உலர்த்தி அடங்கிய பிறகே கத்தி வைப்பார்கள். அதே மனிதர்கள் வீடு கட்டும்போது, அறுத்து ஒரு மாதம்கூட ஆகாத மரத்தைக் கதவுக்கு வாங்கிவிடுகிறார்கள்.

எதிர்வாதங்களில் வலுவானது செலவு. இழைக்க அரை நாள் கூலி. நிலையைச் சரிசெய்யச் சுவரை உடைக்க வேண்டும், பூச வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும். எது மலிவு என்று கேட்பார்கள். உண்மைதான், முழுக்க முறுக்கிய நிலைக்கு உடைப்பைத் தவிர வழி இல்லாமல் போகலாம். ஆனால் சாய்வு சில மி.மீ. என்றால் சுவரைத் தொடவே வேண்டாம். கீலுக்கு அடியில் மெல்லிய துண்டு வைத்துக் கதவை ஓரிரு மி.மீ. நகர்த்தலாம், கீல் உட்காரும் பள்ளத்தை இன்னும் ஆழமாக்கி எதிர்ப்பக்கம் இழுக்கலாம், கீலையே காடிக்குள் முன்னும் பின்னும் மாற்றி முறுக்கில் பாதியை மறைக்கலாம். நம் ஊரில் தோல் துண்டுக்குப் பஞ்சமில்லை என்பதால் பலர் அதையே கீலுக்கு அடியில் வைத்துவிடுகிறார்கள். அது அழுத்தத்தில் நசுங்கும், ஈரம் குடிக்கும். சன்மைக்கா துண்டோ அலுமினியத் தகடோ அதே கனத்தில் அப்படியே நிற்கும். இவற்றில் எதையும் நாளைக்கே திருப்பிப் பழையபடி ஆக்கலாம். இழைத்த மரத்தை யாராலும் திரும்ப ஒட்ட முடியாது. மேலும், இழைத்த ஓரத்தில் வார்னிஷ் போய்விடுகிறது. மறுபடி பூசாமல் விட்டால் அடுத்த மழையில் அந்த ஓரம் முன்னைவிட வேகமாக ஈரம் குடிக்கும். மலிவான வைத்தியம் நோயை வளர்ப்பது இப்படித்தான்.

அடுத்த எதிர்வாதம் நல்ல நேரம். ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலான இந்துக் குடும்பங்கள் வாசக்கால் வைப்பதில்லை. தையிலோ ஆவணியிலோ குறித்த முகூர்த்தத்துக்குள் நிலை நின்றாக வேண்டும், மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, நவதானியம் முடிந்து, பூசை முடித்தாக வேண்டும். அந்த அவசரத்தில் ரசமட்டம் யார் பார்ப்பது? இதில் சடங்கின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. முகூர்த்தத்தில் நிலை நிற்க வேண்டும், அவ்வளவுதான்; அன்றைக்கே கல் வைத்துக் கட்டிவிட வேண்டும் என்று எந்தச் சடங்கும் சொல்லவில்லை. பூசை முடிந்து, வந்தவர்கள் பொங்கலும் சுண்டலும் சாப்பிட்டுப் போன பிறகு, முட்டுக்கம்பைத் தளர்த்தி, இரு கால்களுக்கும் இரு பக்கமும் தூக்குக்குண்டு விட்டு, நூல் சோதனை செய்து, குறுக்குக்கட்டை அடித்து, மறுபடி இறுக்கிக்கொள்ளலாம். ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம் முகூர்த்தம் பார்க்காத முஸ்லிம் குடும்பங்களின் வீடுகளிலும் இதே கோளாறுகள் வருகின்றன என்பதே, பழி நேரத்தின் மேல் இல்லை என்பதற்குப் போதும்.

‘இந்தத் தலைவலியே வேண்டாம், ஸ்டீல் கதவு வாங்கிட்டா ஆச்சு’ என்பது இப்போதைய தீர்ப்பு. ஸ்டீல் ஊறாது, கரையான் அரிக்காது, ஒப்புக்கொள்கிறேன். வெயிலில் அது விரிவதும் அற்பம்: 30 டிகிரி ஏறினாலும் ஏழடிக்கு முக்கால் மி.மீ. ஆனால் அதன் சட்டத்தையும் இதே சுவரில்தான் பொருத்துகிறோம். சுவரின் திறப்பு சாய்ந்தோ முறுக்கியோ இருந்தால், போல்ட்டை இறுக்க இறுக்க ஸ்டீல் சட்டம் சுவரின் வடிவத்துக்கு வளையும். அப்போது இழைக்க அங்கே மரமும் கிடையாது. பூட்டின் பல முனைக் கம்பிகள் துளைகளில் இறங்காமல் நிற்கும். பிழைக்கு இன்னும் குறைவாக இடம் தரும் கதவு என்பதால் அளவு பார்ப்பது அங்கே இரட்டிப்பாகத் தேவை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஆசாரியையும் கொத்தனாரையும் விட்டுவிட்டுப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். பல வருடம் ஒழுங்காகச் சாத்திய கதவு சில வாரத்துக்குள் இடிக்க ஆரம்பித்து, நிலையின் மேல்மூலையிலிருந்து சுவரில் சாய்வாக ஒரு விரிசலும் ஓடினால், அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் புரண்டு ஓடியதைப் பார்த்தவர்கள் நாம்; ஏரி ஓரத்தில், மண் கொட்டி மேடாக்கிய மனைகளில் ஏராளமான வீடுகள் எழுந்திருக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டில் கதவை இழைத்துச் சாத்த வைப்பது, வீடு கொடுத்த எச்சரிக்கையை மறைப்பதாகும்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் சந்து, பிறகு கீலும் திருகாணியும், பிறகு தூக்குக்குண்டும் நூலும், பிறகு சுவர், பிறகு மாதம், எல்லாம் பார்த்த பிறகும் மிஞ்சினால் இழைப்புளி. புதிதாகக் கட்டுபவர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு. நிலை வைத்த அன்று ஆசாரியும் கொத்தனாரும் ஒன்றாக நின்று அளந்து, அந்த அளவைச் சுவரிலேயே பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். லிண்டல் போடும் முன் ஒருமுறை, பூச்சுக்கு முன் ஒருமுறை அதே அளவுகளைத் திரும்பப் பாருங்கள். எந்த மாதத்தில் மாறியது என்பது அப்போது கையில் இருக்கும், யார் சரிசெய்வது என்ற சண்டையும் வராது. கதவு வேலையின் கூலியில் ஒரு சிறு பங்கை ஒரு மழையும் ஒரு கோடையும் கழிந்த பிறகு கொடுப்பதாக முன்கூட்டியே பேசி வையுங்கள். நல்ல ஆசாரி இதற்கு மறுக்க மாட்டார். நிலையைச் சரியாக வைத்துக் கொடுத்தால் அவருடைய கதவுக்கு அந்த இரண்டு பருவத்தாலும் ஒன்றும் ஆகாது என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும்.